பெயர் பொறிக்காத வெண்கலம்: வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

சென்ற இதழில் வாஷிங்டன் நகரத்து ராக் கிரீக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ஒரு வெண்கல உருவத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். தலையிலிருந்து கால்வரை கனத்த துணி போர்த்தி, கண்ணை மூடியும் மூடாமலும் உட்கார்ந்திருக்கும் உருவம். ஆடம்ஸ் நினைவுச்சின்னம் என்று அதைச் சொல்வார்கள். பெயரோ தேதியோ அங்கே பொறிக்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தேன். அந்தச் சில வரிகளுக்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். சரி என்றார்.

அது யாருடைய கல்லறை, டீச்சர்? சிலையைச் செய்தவர் யார்?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

மரியன் ஹூப்பர் ஆடம்ஸ் என்ற பெண்ணின் கல்லறை. க்ளோவர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். 1843-இல் பாஸ்டனில் பிறந்தவர். அம்மா கவிதை எழுதியவர். மகளுக்கு ஐந்து வயதாகும்போதே இறந்துவிட்டார். மருத்துவரான அப்பாதான் வளர்த்தார். 1872-இல் ஹென்றி ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியருடன் திருமணம். ஹென்றியின் கொள்ளுத்தாத்தா ஜான் ஆடம்ஸ் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி, தாத்தா ஜான் குயின்சி ஆடம்ஸ் ஆறாவது ஜனாதிபதி. வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் சதுக்கத்தில் தம்பதி குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் க்ளோவர் அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார். அந்த அப்பா 1885 ஏப்ரலில் இறந்தார். அதற்குப் பிறகு க்ளோவர் மனச்சோர்விலிருந்து மீளவே இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 42. பக்கத்திலேயே அவர்களுக்காகப் புது வீடு ஒன்று கட்டி முடியும் நிலையில் இருந்தது. அதில் ஒரு நாள்கூட அவர் வாழவில்லை.

அடுத்த கோடையில் ஹென்றி தன் ஓவிய நண்பர் ஜான் லா ஃபார்ஜுடன் ஜப்பானுக்குக் கிளம்பினார். வழியில் ஒமாஹாவில் ஓர் இளம் நிருபர், எதற்காக ஜப்பான் போகிறீர்கள் என்று கேட்டார். புத்தர் சொன்ன நிர்வாண நிலையைத் தேடிப் போகிறோம் என்று லா ஃபார்ஜ் பதில் சொல்ல, அதற்கு இது சீசன் இல்லையே என்றாராம் நிருபர். பலரும் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மனைவி இறந்து ஆறே மாதம் ஆன மனிதர் ஹென்றி.

ஜப்பானில் காமகுரா பெரிய புத்தரையும், கன்னோன் என்று அங்கே வணங்கப்படும் கருணையின் போதிசத்துவரையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகுதான் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸிடம் போனார். செயின்ட் காடன்ஸ் டப்ளினில் பிறந்தவர், செருப்புத் தைப்பவரின் மகன், கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். பதின்ம வயதில் கல்லில் சிறு உருவங்கள் செதுக்கும் பட்டறையில் தொழில் பழகியவர். ஹென்றி தன் மனதில் இருந்ததைச் சொல்லச் சொல்ல, சிற்பி பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையனை உட்காரவைத்து, தலைமேல் ஒரு கம்பளத்தைப் போர்த்திக் காட்டினாராம். இதுதான், இப்படித்தான் என்றார் ஹென்றி. சிற்பியின் குறிப்பேட்டில் ஆடம்ஸ், புத்தர், மன அமைதி, இயற்கையின் மூர்க்கத்துக்கு எதிராக அமைதியான சிந்தனை என்று துண்டு துண்டாகச் சில சொற்கள் இருக்கின்றன.

ஹென்றி இன்னொன்றும் சொன்னார். சந்தேகம் வந்தால் லா ஃபார்ஜிடம் கேளுங்கள், முடியும்வரை என்னிடம் காட்ட வேண்டாம் என்றார். காசு கொடுத்துச் சிலை செய்யச் சொல்பவர் வாரம் ஒருமுறை வந்து மூக்கைத் திருத்து, விரலைத் திருத்து என்று சொல்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு கலைஞனை ஐந்து ஆண்டு தனியாக விட்டார். சிலை 1891-இல் நிறுவப்பட்டது. பின்னால் இருக்கும் கிரானைட் பலகை, எதிரே உள்ள இருக்கை, சுற்றுத்தளம் எல்லாம் கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டின் வேலை.

புகைப்படத்தில் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. நேரில் அப்படி என்ன?
(கோயம்புத்தூர் வாசகி)

உங்கள் ஏமாற்றம் நியாயமானதுதான். அது புகைப்படத்துக்காகச் செய்த சிலை இல்லை.

என் மகள் குடும்பம் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் இந்த இடத்துக்குப் போய்விடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் புதரும் மரமும்தான் தெரியும். இடைவெளி வழியாக உள்ளே நுழைந்தால் அறுகோணமாக ஒரு தளம், ஒரு பக்கம் உருவம், எதிர்ப்பக்கம் கல் இருக்கை. நின்றுகொண்டு பார்த்தால் அந்த முகம் சரியாகத் தெரியாது. முக்காட்டின் நிழலில் மறைந்திருக்கும். இருக்கையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் தாழ்ந்த இமைகளும் மூடிய உதடும் பிடிபடும். அதாவது, எதிரே ஒருவர் உட்காரும்போதுதான் அந்தச் சிற்பம் முழுமையாகிறது.

ஓவியம் சொல்லிக்கொடுத்தவளாக ஒன்று சொல்கிறேன். வலது கையைப் பாருங்கள். முழங்கைவரை துணி விலகி, விரல்கள் கன்னத்தருகே வந்து நிற்கின்றன. போர்வை மொத்தமும் கீழ்நோக்கிக் கனத்து இறங்க, அந்த ஒரு கை மட்டும் மேலே எழுகிறது. அழுகிற மனிதர் கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்துவிடுவார். இந்த உருவம் சாயவில்லை, முதுகு நேராக இருக்கிறது. யோசிக்கிறதா, காத்திருக்கிறதா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓய்ந்திருக்கிறதா என்று என்னால் தீர்மானிக்க முடிந்ததே இல்லை. மேகம் நகர்ந்து முக்காட்டுக்குள் வெளிச்சம் மாறினால் முகமும் மாறிவிடுகிறது.

உட்கார்ந்திருப்பது ஆணா, பெண்ணா?
(சேலம் வாசகர்)

இரண்டும் இல்லை, வேண்டுமென்றே. 1904-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகை விருந்தில் இதைப் பெண் உருவம் என்று சொல்லிவிட்டார். மறுநாளே ஹென்றி ஆடம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். சிற்பி ஆண், பெண் என்பதைத் தாண்டி மனித குலம் என்ற எண்ணத்தையே வடித்தார், அவருக்கு அந்த நியாயத்தைச் செய்யுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். க்ளோவரின் முகச்சாயல் சிலையில் இருக்கிறதா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது அவருடைய உருவச்சிலை அல்ல.

'துயரம்' என்பதுதான் சிலையின் பெயர் என்று படித்தேனே?
(பெங்களூரு வாசகி)

மக்கள் வைத்த பெயர் அது. ஹென்றிக்கு அது அறவே பிடிக்கவில்லை. செயின்ட் காடன்ஸ் 1907-இல் இறந்த பிறகு, 1908 ஜனவரியில் சிற்பியின் மகன் ஹோமருக்கு ஹென்றி எழுதிய கடிதம் இருக்கிறது. என் உருவத்துக்கு உலகம் பெயர்ச்சீட்டு ஒட்ட விடாதே என்று மன்றாடுகிறார். துயரம், விரக்தி என்று பத்திரிகைக்காரர்கள் மருந்துப் புட்டிக்கு ஒட்டுவதுபோல ஒட்டுகிறார்கள் என்று கோபப்படுகிறார். உன் அப்பா இதை ஒரு கேள்வி கேட்கச் செய்தாரே தவிர, பதில் சொல்லச் செய்யவில்லை என்கிறார். சிற்பி தன் பங்குக்கு மறுமையின் மர்மம், அறிவுக்கு எட்டாத இறைவனின் அமைதி என்று நீளமாக ஒன்று சொல்லி வைத்திருந்தார். அதையும் கல்லில் பொறிக்கவில்லை.

பாதிரிமார்கள் சிலர் அங்கே வந்து, இது நாத்திகம், இது நம்பிக்கையை மறுப்பது என்று கொதித்ததையும் ஹென்றி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஹென்றி ஆடம்ஸ் இலங்கைக்கு வந்திருக்கிறார் என்று என் ஆசிரியர் ஒருவர் சொன்ன ஞாபகம். உண்மையா?
(யாழ்ப்பாண வாசகர்)

உங்கள் ஆசிரியர் சரியாகச் சொல்லியிருக்கிறார். 1890-இல் ஹென்றியும் லா ஃபார்ஜும் தென்கடல் தீவுகளுக்குக் கிளம்பினார்கள். ஹவாய், சமோவா, டஹிட்டி, பிஜி என்று சுற்றிவிட்டு 1891 செப்டம்பரில் இலங்கை வந்தார்கள். கண்டிக்கும் அனுராதபுரத்துக்கும் போனார்கள். அனுராதபுரத்தில் போதி மரத்தடியில் ஹென்றி அரைமணி நேரம்போல உட்கார்ந்திருந்தார். ஞானம் ஒன்றும் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்த நாளில் வாஷிங்டனில் சிலை ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது. அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. தன் மனைவியின் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கும் உருவத்தைப் பார்க்காமலேயே அவர் போதி மரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பயணத்தை ஒட்டி, புத்தரையும் பிரம்மத்தையும் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். உலகம் நிரந்தரமானதா என்று மாலுங்கன் என்ற சீடன் கேட்கிறான்; புத்தர் வாய் திறக்காமல் தாமரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலி நூல்களில் வரும் மாலுங்கியபுத்தன்தான் அவன். இந்தக் கவிதையை 1915 வரை ஹென்றி அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1892 பிப்ரவரியில் ஊர் திரும்பியவர் முதல் வேலையாகக் கல்லறைக்குப் போனார். பிறகு அடிக்கடி போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாராம்.

மழையிலும் பனியிலும் 130 ஆண்டுக்கு மேல் வெளியில் இருக்கும் வெண்கலம் எப்படித் தாங்குகிறது?
(சுவாமிமலை வாசகர்)

உங்கள் ஊர்க்காரருக்கு நான் வெண்கலம் பற்றிச் சொல்வதா! இருந்தாலும் மற்றவர்களுக்காக: செம்பும் வெள்ளீயமும் முக்கியமாகச் சேர்ந்த உலோகம் காற்றும் ஈரமும் பட்டால் மேலே ஒரு படலம் பிடிக்கும். பழுப்பில் தொடங்கிப் பச்சைக்குப் போகும். ஓரளவுக்கு அந்தப் படலமே உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். நகரத்துப் புகையும் அமில மழையும்தான் எதிரி. மேலே கோடு கோடாக அரித்துவிடும். அதனால் வெளியில் நிற்கும் வெண்கலங்களைப் பராமரிப்பவர்கள் மிதமாகக் கழுவி, மெழுகு பூசி வைப்பார்கள். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல இதைத் தேய்த்தால் போச்சு. நிறமும் சிற்பியின் வேலைதான்.

அந்தச் சிலை ராத்திரியில் கண் சிவந்து பார்க்கும் என்று யூடியூபில் பார்த்தேன். பயமாக இல்லையா?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

நீ பார்த்தது இதன் போலியைப் பற்றியது, அம்மா. அனுமதி இல்லாமல் எடுத்த ஒரு நகல், ஃபெலிக்ஸ் ஆக்னஸ் என்ற பால்டிமோர் பத்திரிகை அதிபரின் கைக்கு வந்தது. மேரிலாந்தின் பைக்ஸ்வில்லில் உள்ள ட்ரூயிட் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் தன் குடும்ப இடத்தில் அதை வைத்தார். செயின்ட் காடன்ஸின் மனைவி அது போலி என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆக்னஸோ, விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் சிலையை எடுக்கவில்லை. 1925-இல் அவர் இறந்த பிறகு 'பிளாக் ஆகி' என்ற பெயரில் பேய்க்கதைகள் கிளம்பின. கல்லூரிப் பையன்கள் பந்தயம் கட்டி அதன் மடியில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். 1962-இல் ஒருவர் அதன் கையையே அறுத்து எடுத்துப் போனார். தொல்லை தாங்காமல் 1967-இல் குடும்பத்தார் அதை அகற்றி ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார்கள். இப்போது லஃபாயெட் சதுக்கத்தின் கிழக்குப் பக்கம், டாலி மேடிசன் வீட்டின் முற்றத்தில் இருக்கிறது. க்ளோவர் குடியிருந்த அதே சதுக்கம்.

முறையான அனுமதியோடு பின்னால் எடுத்த வார்ப்புகளும் உண்டு. ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் 1969-இல் வார்த்தது ஒன்று இருக்கிறது.

எலினார் ரூஸ்வெல்ட்டுக்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?
(புதுச்சேரி வாசகர்)

1918-இல் தன் கணவர் ஃபிராங்க்ளினுக்கு லூசி மெர்சர் எழுதிய காதல் கடிதங்கள் எலினாரின் கையில் கிடைத்தன. அதற்குப் பிந்தைய மாதங்களில் அவர் தனியாக வண்டியில் வந்து இந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார். 1933 மார்ச்சில், கணவர் ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், தன் நெருங்கிய தோழியும் நிருபருமான லொரீனா ஹிக்கொக்கை இங்கேதான் அழைத்து வந்தார்.

எல்லாம் சரி டீச்சர். ஒரு பெண்ணின் கல்லறையில் அவள் பெயரைக்கூடப் போடாதது அநியாயம் இல்லையா? கணவரின் துயரம்தானே அங்கே பெரிதாகத் தெரிகிறது?
(தஞ்சாவூர் வாசகி)

வந்த கடிதங்களிலேயே எனக்குத் தூக்கம் கெடுத்த கடிதம் இது.

கல்லில் பெயர் இல்லாததை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். 1918-இல் ஹென்றி இறந்தபோது அவரும் அங்கேயேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரும் போடவில்லை. இத்தனை புகழ்பெற்ற குடும்பத்து மனிதர், எழுத்தே வேண்டாம் என்று இருவருக்கும் சேர்த்துத்தான் முடிவெடுத்தார். பெயர் இல்லாததால் எலினார் அங்கே வந்து தன் பாரத்தை இறக்கிவைக்க முடிந்தது. என் கணவர் போன பிறகு எனக்கும் அந்த இருக்கையில் இடம் இருந்தது. இன்னொருவருடைய கல்லறை என்ற கூச்சம் எனக்கு அங்கே வந்ததில்லை.

ஆனால் ஹென்றியின் சுயசரிதை வேறு விஷயம். 1907-இல் நண்பர்களுக்காக அச்சிட்டு, அவர் இறந்த பிறகு வெளியாகி, 1919-இல் புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம். அதில் 1871-லிருந்து நேராக 1892-க்குத் தாவிவிடுகிறார். க்ளோவரோடு வாழ்ந்த காலம் முழுவதும் காணோம். மனைவியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. சிலையைப் பற்றிப் பேசுகிறார், அது யாருக்காக என்று சொல்வதில்லை. துக்கம் அவ்வளவு பெரியது என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. இருந்தாலும் சிலையின் மௌனத்தை ஏற்கும் என் மனம் புத்தகத்தின் மௌனத்தை ஏற்க மறுக்கிறது. சிலையில் அவர் தன் பெயரையும் சேர்த்து விட்டுக்கொடுத்தார். புத்தகத்தில் அவர் இருக்கிறார், அவள் மட்டும் இல்லை.

க்ளோவர் யார் என்று தெரிய வேண்டுமென்றால் அவர் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். 1883-இல் கேமராவைக் கையில் எடுத்தவர் அவர். கண்ணாடித் தகடு, இருட்டறை, ரசாயனம் என்று எல்லாமே கையால் செய்ய வேண்டிய காலம். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை வினாடி, எந்த வெளிச்சம், எது சரியாக வந்தது, எது கெட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வளர்ப்பு நாய்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் மேசையோடு எடுத்த படம் ஒன்று உண்டு. எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்! அப்பாவையும், கடற்கரை வீட்டில் கூடிய உறவினரையும், எழுத்து மேசையில் குனிந்திருக்கும் கணவரையும் எடுத்திருக்கிறார். முதிய வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பான்கிராஃப்டை அவர் எடுத்த படத்தை வெளியிட ஒரு முன்னணிப் பத்திரிகையின் ஆசிரியர் ஆசைப்பட்டுக் கேட்டார். தம்பதி வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். படங்களும் குறிப்பேடும் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சங்கத்தின் இணையதளத்திலும் பார்க்கலாம். சிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பது என் ஆசை.

என் தங்கையும் க்ளோவர் மாதிரிதான் போனாள். பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் படம்கூட மாட்டவில்லை. பேச்சு வந்தால் அம்மா எழுந்து போய்விடுகிறார். உங்கள் குறிப்பைப் படித்ததும் ஏனோ எழுதத் தோன்றியது.
(ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

எழுதியதற்கு நன்றி, கண்ணு. அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் உங்கள் அறையில், உங்கள் மேசையில் தங்கையின் படத்தை வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. எப்படிப் போனாள் என்பதிலேயே எல்லோருடைய பேச்சும் நின்றுவிடுகிறது. அவள் என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். என்றாவது அம்மாவே எடுத்துப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். எழுதும்போது மனது தாங்காமல் போனால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. எனக்கும் மறுபடி எழுதுங்கள். பிரசுரிக்க வேண்டாம் என்று மேலே குறித்தால் போதும்.

அடுத்த மாதம் மகனைப் பார்க்க வர்ஜீனியா போகிறோம். அந்த இடத்துக்கு எப்படிப் போவது?
(மதுரை தம்பதி)

ராக் கிரீக் பூங்கா என்று டாக்ஸிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள், அது வேறு இடம். ராக் கிரீக் கல்லறைத் தோட்டம் என்று சொல்லுங்கள். செயின்ட் பால் தேவாலயத்தைச் சேர்ந்தது. வெப்ஸ்டர் தெருவும் ராக் கிரீக் சர்ச் ரோடும் சேரும் இடத்தில் வாசல். மெட்ரோவில் வந்தால் ஃபோர்ட் டாட்டன் அல்லது ஜார்ஜியா அவென்யூ - பெட்வொர்த் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடியுங்கள். பகலில் போங்கள், கட்டணம் இல்லை. உள்ளே பாதைகள் வளைந்து வளைந்து போகும். அலுவலகத்தில் ஆடம்ஸ் நினைவுச்சின்னம் எங்கே என்று கேட்டு, 'ஈ' பிரிவுக்கு வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு நடுவே மறைந்திருப்பதால் பக்கத்தில் போயும் தவறவிடுபவர்கள் உண்டு. கல் இருக்கை குளிரும், பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.